பாடசாலை மேல்மாடி

பிள்ளைகளின் உம்மாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ஓட்டமாவடியில் தங்கை வீட்டில் இருக்கிறேன். எப்போது வருவேன் என்று கேட்டு ஆள் அனுப்பாதே.

சுனாமி எச்சரிக்கை ஊதினால் பாடசாலை மேல்மாடிக்கு ஓட வேண்டும் என்று பிள்ளைகளுக்கு எத்தனை தடவை சொல்லிக் கொடுத்தேன்! நீயும் பக்கத்தில் இருந்து தலையாட்டினாய். சனிக்கிழமை காலைதான் நான் கொழும்பிலிருந்து வந்தேன். அன்று ஊதியது ஒத்திகைக்கு என்று எனக்குத் தெரியாது. நம் கடையைப் பூட்டாமல் ஓடினேன். மேல்மாடியில் ஊர்ச்சனம் நின்றது, நீங்கள் இல்லை. கடலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மூவரும் கடலோடு போய் மௌத்தாகிவிட்டீர்கள் என்றே நினைத்தேன்.

ஒத்திகைதான் என்று சொல்லிச் சனம் இறங்கியதும் வீட்டுக்கு ஓடி வந்தால், நீங்கள் சிரித்துக்கொண்டு வருகிறீர்கள்.

"நாங்க எப்பயும் மாமாட மாடிக்குத்தானே ஓடிப் பழகிற, வாப்பா," என்றாள் இன்ஷிரா. "ஒங்களுக்கிட்ட சொன்னா ஏசுவீங்களாம்."

"வாயப் பொத்துடி! உம்மா சொல்லாதண்டு சொன்னதானே!" என்றான் பஹ்மி.

பிள்ளைகளின் மாமா, உன் காக்காவின் மாடி வீடு கிட்ட என்பது எனக்கும் தெரியும். அவர் வாசலை மிதிக்க மாட்டேன் என்று நான் சத்தியம் செய்தது உனக்கும் தெரியும். தெரிந்துகொண்டே, என் பிள்ளைகளை எனக்குத் தெரியாமல் அங்கே ஓடிப் பழக்கியிருக்கிறாய். நீங்கள் உயிர் தப்பப் போட்ட திட்டத்தில் எனக்கு இடமில்லை.

பிள்ளைகளை அங்கேயே ஓடச் சொல். கடல் உண்மையாகவே வந்தால் நான் பாடசாலை மேல்மாடியில்தான் நிற்பேன். என்னைத் தேடி ஒருவரையும் அனுப்பாதே.

இப்படிக்கு,
அவர்களின் வாப்பா