சோபியா என்ற பெயருக்கு ஒரு ஆட்சேபணை

ஜூன் 3, செவ்வாய்

வேப்பம்பலகை லோடு வந்தது. பாதிக்கு மேல் ஈரம். ஈரப் பலகையில் லாரிக்குப் பாடி கட்டினால் மூன்றே மாதத்தில் நெளிந்துகொள்ளும். திருப்பி அனுப்பிவிட்டேன்.

ஞாயிறு விஷயத்தை இன்றைக்குத்தான் எழுத முடிகிறது. சேலத்திலிருந்து என் மகள் சோபியாவைப் பெண் பார்க்க வந்தார்கள். பையன் ஜெர்ரி, ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. அப்பா பெனடிக்ட், ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். சோபியாவுக்குப் பையனைப் பிடித்திருக்கிறது. இருபத்தெட்டு வயதில் முதல் தடவையாக, வந்தவர்கள் போன பிறகும் சேலை மாற்றாமல் உட்கார்ந்திருந்தாள். போன இரண்டு வரன்களுக்கும் கார் தெரு திரும்புவதற்குள் நம் பட்டறைக்கு வேலைக்குக் கிளம்பியவள்.

ஆனால் ஒரு சிக்கல். அவள் உள்ளே போன பிறகு பெனடிக்ட் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். நாம வேதக்காரங்க, ஜாதகம் பார்க்கக் கூடாதுங்க, அதனால நான் பேரைப் பார்க்கிறதுங்க என்றார். கிரேக்கத்தில் பெயருக்கு என்ன பொருள், அந்தப் பெயருள்ள புனிதருக்கு என்ன ஆயிற்று, இரண்டையும் பார்ப்பாராம். பையனின் ஞானஸ்நானப் பெயர் ஜெரோம். அதற்குப் பொருள் 'புனிதமான பெயர்'. பெயருக்குப் பொருள் பெயர்! அதில் அவருக்கு முழுத் திருப்தி.

சோபியா என்றால் ஞானம். பொருளில் குறையில்லை. புனித சோபியாவுக்கு மூன்று பெண்களாம். விசுவாசம், நம்பிக்கை, அன்பு என்று பெயர். ரோமாபுரியில் மூன்று பேரையும் தாயின் கண்ணெதிரே கொன்றார்களாம். மூன்றாம் நாள் அந்தக் கல்லறையிலேயே தாயும் போய்ச் சேர்ந்தாளாம்.

"மூணும் பொண்ணு, மூணும் தங்கல. இந்தப் பேரு எங்க ஊட்டுக்கு ஆவாதுங்க."

பெயரை மாற்றினால் மறுபேச்சில்லை என்றார். மாற்றுப் பெயர்கள் நான்கை எழுதியே கொண்டுவந்திருந்தார்.

ஜூன் 5, வியாழன்

போனில் பேரம். பிறக்கப்போகும் பேரப்பிள்ளைகளுக்கு விசுவாசம், நம்பிக்கை, அன்பு மூன்றையும் வைப்பதில்லை என்று எழுதித் தருகிறேன் என்றேன். போதாதாம். கோயிலில் சோபியா, வீட்டில் வேறு? ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் 'ஐரீன் சோபியா'வில் வந்து நின்றோம். ஐரீன் என்றால் சமாதானம். சோபியா இன்னும் ஐந்து வருடம் ஒட்டிக்கொண்டிருக்கலாம், பிறகு உதிர்ந்துவிட வேண்டும். நான் பத்து கேட்டேன்.

என் பட்டறைக்கே இரண்டு தடவை பெயர் மாற்றியிருக்கிறேன். யாவாரம் ஏறத்தானே செய்தது? சரி என்று சொல்லிவிட்டேன்.

சோபியாவிடம் இன்னும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும்.

ஜூன் 6, வெள்ளி

மரக்கிடங்கில் தனியாக நின்று ஐரீன், ஐரீன் என்று கூப்பிட்டுப் பழகினேன். மாதையன் மேஸ்திரி எட்டிப் பார்த்து, "யாருங்க, புது டிரைவருங்களா?" என்றார்.

ஜூன் 9, திங்கள்

பங்குச் சாமியாரைப் பார்த்தேன். ஞானஸ்நானப் பதிவேட்டில் இருக்கிற பெயரைச் சம்பந்திக்காகத் திருத்த முடியாது என்றார். பிறகு உற்சாகமாகிவிட்டார். கான்ஸ்டான்டிநோபிளில் சோபியா பேரில் இருந்த பெரிய கோயில் எந்தப் பெண்ணுக்கும் கட்டியது இல்லையாம், கடவுளின் ஞானத்துக்கே கட்டியதாம். அதற்கும் முன்னால், கிரேக்கப் பழம்பாட்டில் சோபியா என்றால் தச்சனின் கைத்திறனாம். கப்பல் மரத்தை நூல் பிடித்தாற்போல் நேராக்குகிறவனிடம் இருப்பது.

திரும்பி வரும்போது பட்டறையில் சோபியா ஒரு சட்டத்தின் மேல் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு கோணல் பார்த்துக்கொண்டிருந்தாள். மேஸ்திரி கைகட்டிக் காத்திருந்தார். இப்பவாவது சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை? பயம்தான். வேறென்ன.

ஜூன் 15, ஞாயிறு



நாள் குறிக்க வந்தார்கள். சோபியா காபி கொண்டுவந்தாள். பெனடிக்ட் டம்ளரை வாங்கிக்கொண்டு, "உக்காரு ஐரீன்" என்றார்.

அவள் பின்னால் திரும்பிப் பார்த்தாள். யாருமில்லை. பிறகு என்னைப் பார்த்தாள்.

நான் உளறிக் கொட்டினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அந்தத் தாளைக் குடுங்க மாமா என்று வாங்கினாள். போனை எடுத்துத் தேடித் தேடிப் படித்தாள். ஐரீன், நெருப்பில் போட்டு எரித்தார்கள். அக்னேஸ், பதின்மூன்று வயதில் வெட்டினார்கள். கேத்தரின், சக்கரத்தில் கட்டப் பார்த்தார்கள், சக்கரம் உடைந்துபோனதால் தலையை வெட்டினார்கள். பெனடிக்ட் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். டிக்கெட் இல்லாமல் மாட்டிக்கொண்டவர் முகம்.

"பார்பராவ வெட்டுனது அவங்கப்பனேதானாம்" என்றாள். அதை மட்டும் என்னைப் பார்த்துச் சொன்னாள்.

என் சம்சாரம் ஞானமேரி சமையலறை வாசலிலிருந்து கேட்டாள்: "ஏனுங்க, சோபியான்னா ஞானந்தானுங்களே? அப்ப என் பேரையும் மாத்தோணுங்களா? எனக்குப் பொறந்தது ரெண்டு. ரெண்டும் நல்லாத்தான் இருக்குதுங்க."

ஜெர்ரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதுதான் வினையாகப் போயிற்று. மகன் சிரித்ததும் பெனடிக்ட் எழுந்துவிட்டார். நாள் குறிக்கவில்லை. காபியையும் குடிக்கவில்லை.

ஜூன் 16, திங்கள்

பட்டறையில் மன்னிப்புக் கேட்கலாம் என்று பக்கத்தில் போய் நின்றேன். நல்லதுக்குத்தான் கண்ணு செஞ்சேன் என்றேன். அளவு நாடாவைச் சுருட்டிக்கொண்டே சொன்னாள்:

"லாரிக்குப் பேர் எழுதறப்பவே ஓனரக் கேட்டுட்டுத்தானப்பா எழுதறோம்."

அவ்வளவுதான். முப்பது வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன், எனக்குத் தெரியாதா அது.

ஜூன் 22, ஞாயிறு

சேலத்திலிருந்து போன் இல்லை. சோபியா ரெண்டு வேளைதான் சாப்பிடுகிறாள். நல்ல பையன். நான் கெடுத்தேன்.

ஜூன் 29, ஞாயிறு

ஜெர்ரி பஸ் பிடித்துத் தனியாக வந்தான். நேராகப் பட்டறைக்குப் போய்ப் பலகை அடுக்கின் மேல் உட்கார்ந்தான். ரெண்டு பேரும் மூன்று மணி நேரம் பேசினார்கள். நடுவில் அவன் ஒரு முனையைப் பிடித்துக்கொள்ள அவள் அளவெடுத்தாள். அவன் பிடித்தது கோணல். நான் கிடங்குக்குள்ளேயே இருந்துகொண்டேன். கிளம்பும்போது, "அப்பாகிட்ட நான் பேசிக்கிறேன் மாமா, நீங்க எதுவும் பேச வேண்டாம்" என்றான். 'நீங்க'வை அழுத்திச் சொன்னான்.

ஜூலை 24, வியாழன்

ஜெர்ரி சொன்னபடியே அப்பாவிடம் பேசி, நாளும் குறித்தாயிற்று. கல்யாண அழைப்பிதழின் அச்சுப்படி வந்தது. பெனடிக்ட் கைவரிசை. ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் பொருள். பெனடிக்ட் (ஆசி பெற்றவர்). ஜெர்ரி என்கிற ஜெரோம் (புனிதமான பெயர்). ஆரோக்கியசாமி என்கிற என் பெயருக்குக்கூட விளக்கம் போட்டிருக்கிறார். மாதையன் படித்துப் பார்த்துவிட்டுத் தன் பெயருக்கும் கேட்டுச் சொல்லச் சொன்னார்.

சோபியாவுக்குப் பக்கத்தில் மட்டும் அடைப்புக்குறிக்குள் ஒன்றுமில்லை. அச்சகத்தில் விட்டுவிட்டார்கள் என்று நினைத்துப் பெனடிக்டைக் கூப்பிட்டேன்.

"அவங்களே எழுதிக்கட்டுங்க" என்றார்.

சோபியாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். பார்த்தாள். சிரித்தாள் என்றுதான் நினைக்கிறேன். மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு லாரி மேல் ஏறிவிட்டாள். சாயங்காலம் டெலிவரி.

அச்சகத்திலிருந்து ரெண்டு தடவை கூப்பிட்டுவிட்டார்கள். பொண்ணு எழுதணும், இருங்க என்றேன்.