என் பங்குச் சிரட்டை

மார்ச் 4

ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தேன். முதுகெல்லாம் படர்தாமரை, வளையத்துக்குள் வளையமாக. களிம்புகள் எதுவும் கேட்கவில்லை. டாக்டர் ஷரீன் போன வாரம் எடுத்த ரத்தத்தைப் பார்த்து, ஈரல் நன்றாக இருக்கிறது என்று இன்று மாத்திரை எழுதினாள். என்னிடம் உயிரியல் படித்தவள். இப்போது எனக்குப் பாடம் நடத்துகிறாள்.

“தினம் ஒண்ணு சார். தோல் ஆறிடுச்சேன்னு நீங்களா நிறுத்தக்கூடாது. வேற யாருக்கும் குடுக்கக்கூடாது. ருசி போனா, சிறுநீர் கறுத்தா, கண்ணு மஞ்சளானா நிறுத்திட்டு உடனே வந்துருங்க. குடிப்பீங்களா?”

“உபதேசியார் மகன் நான். பீர் வாசனைகூடத் தெரியாது.”

“நாட்டு மருந்து ஏதாச்சும்?”

“உனக்கு உயிரியல் நடத்துன இந்த இனோகே மாஸ்டரையா கேட்கிற?”

சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

மார்ச் 5

மாலை வழக்கம்போல ஊர்க் கொட்டகையில் யங்கோனா. எங்கள் தீவில் எல்லோரும் சிரட்டையில் வாங்கிக் குடிப்பது; வேரை இடித்துப் பிழிந்த சேற்றுத் தண்ணீர், வேறென்ன. நாக்கு மரக்கும். பிறகு மற்றதும் மரக்கும். அதற்காகத்தான் போகிறேன். எதிரே புதுத் தலைமையாசிரியர் உட்கார்ந்திருக்கிறார். என் நாற்காலியில் உட்காரும் மனிதர். அவரைப் பார்த்துக்கொண்டு சிரட்டை வாங்க வேண்டுமானால் மரத்துத்தான் ஆக வேண்டும்.

பள்ளிக் கமிட்டியில் அந்தப் பதவிக்கு என் பெயர் வந்தபோது எழுந்து நின்றது வெளியாள் அல்ல. என் கூடப் பிறந்த தம்பி சகியாசி. “அண்ணன் படிச்சவருதான். ஆனா மனுஷங்களோட ஒத்துப்போக மாட்டாரு.” ஊரே கேட்டது. அன்றிலிருந்து அவனோடு பேச்சில்லை. அவன் வந்தால் நான் கொட்டகையிலிருந்து எழுந்துவிடுவேன்.

ஏப்ரல் 11

மறுபடி ரத்தம் எடுக்க வரச் சொன்ன நாள். போகவில்லை. பரீட்சை மேற்பார்வை. முதுகுதான் சுத்தமாகிவிட்டதே.

ஏப்ரல் 20

ஈஸ்டர் விருந்து. மீன், தேங்காய்ப்பால், சேப்பங்கிழங்கு. எல்லாம் ஈர அட்டையைத் தின்பது போல. உப்பே போடவில்லையா என்று என் மனைவி அதேதாவிடம் கேட்டேன்.

“எல்லாரும் விரலை நக்கிட்டுப் போறாங்க. உங்களுக்குத்தான் என்னைக்கு எது பிடிச்சிருக்கு?”

ருசி போனால் வரச் சொன்னாள் ஷரீன். ஞாபகம் இருந்தது. ஆனால் எனக்கு எதுதான் இத்தனை வருஷமாக ருசித்தது? வித்தியாசம் எப்படித் தெரியும்?

ஏப்ரல் 28

சிறுநீர் பால் கலக்காத தேநீர் நிறத்தில். சோறு பார்த்தால் குமட்டல்.

ஏப்ரல் 29

ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் கொடுத்தேன். ஈரல் கெட்டிருக்கிறது. ஷரீன் காகிதத்தைப் பார்த்தபடி இருந்தாள்.

“சார், யங்கோனா குடிக்கிறீங்களா?”

“தினமும். யாருதான் குடிக்கல?”

“குடிப்பீங்களான்னு கேட்டேனே சார்!”

“அப்பிடிக் கேட்டா பீர்தான். இந்தத் தீவில எவனைக் கேட்டாலும் அதைத்தான் சொல்லுவான்.”

பேனாவைக் கீழே வைத்தாள். “நானும் பேரைச் சொல்லிக் கேட்டிருக்கணும்.”

மாத்திரையும் ஈரலைப் படுத்தும், யங்கோனாவும் படுத்தும். இரண்டையும் ஒன்றாகப் போட்டால் கேட்கவா வேண்டும். இரண்டும் நின்றன. ஈரல் தேற மாதக்கணக்கில் ஆகலாம். இனி சிரட்டையைத் தொட்டால் தேறாமலே போகலாம்.

மே 3

மரத்துப்போகவும் இனி வழியில்லை. ஆனாலும் மரத்துத்தான் இருக்கிறது.

மே 9

சடங்குகளில் எங்கள் குலத்துக்காகப் பேசும் பேச்சாளர் வந்து போனார். சகியாசி என்னிடம் மன்னிப்புக் கேட்கப் போகிறானாம், முறைப்படி, திமிங்கலப் பல்லும் யங்கோனாவும் வைத்து. நான் செத்துவிடுவேன் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். இல்லையென்றால் இப்போது எதற்கு?

முறை தெரிந்ததுதான். முதல் சிரட்டையை நான் குடிக்க வேண்டும். குடித்தால் மன்னித்தேன். குடிக்காமல் கீழே வைத்தால் ஊர் முன்னால் அவன் முகம் தரையில்.

“டாக்டர் சொன்னதை முன்னாடியே சொல்லி அனுப்பட்டுமா?” என்றாள் அதேதா.

“வேணாம். வரட்டும்.”

என் முகத்தைப் பார்த்தாள். “வேணாம்ங்க. இது நல்லதுக்கில்ல.”

இதைவிட நல்ல சாக்கு எனக்கு எங்கே கிடைக்கும்? வைத்தியர் தடை. யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது.

மே 17

கொட்டகைக்கு வந்தார்கள். சகியாசி பேச்சாளருக்குப் பின்னால் சம்மணமிட்டு, தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தான். இந்தக் காட்சியை மனதுக்குள் எத்தனை முறை ஓட்டிப் பார்த்திருப்பேன். நேரில் பார்த்தபோது ஒன்றும் தோன்றவில்லை. சுவரைப் பார்ப்பது போல இருந்தது.

“ஒரே பாயில படுத்து வளந்தவங்க,” என்றார் பேச்சாளர். “சின்னவன் வாய் தவறிட்டான். இந்தப் பல்லையும் இந்த வேரையும் வாங்கிக்கிட்டு அவனை நிமிந்து உக்கார விடுங்க.”

சிரட்டை என் கைக்கு வந்தது.

“டாக்டர் தடுத்திருக்காங்க,” என்றேன். “எனக்கு ஈரல் சரியில்ல. குடிக்க முடியாது.”

அதேதா கண்ணை மூடிக்கொண்டாள். அவன் தலை இன்னும் தாழ்ந்தது. அப்போதுதான் அவன் பிடரி தெரிந்தது. வளையத்துக்குள் வளையம். சட்டைக் காலருக்குள் இறங்கிப் போகிறது. அதே படர்தாமரை. அந்தப் பாயிலிருந்தே வந்ததோ என்னவோ.

சிரட்டையைக் கீழே வைக்க வேண்டியதுதான் பாக்கி.

“என் பங்கைத் தம்பி குடிப்பான்.”

ஏன் சொன்னேன்? தெரியவில்லை. மனம் இளகியது என்றெல்லாம் எழுத மாட்டேன். உள்ளே எதுவும் அசையவில்லை. அந்த வளையங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன், வாய் சொல்லிவிட்டது.

முட்டி போட்டே வந்து என் கையிலிருந்து வாங்கி ஒரே மூச்சில் குடித்தான். மன்னிப்பு ஏற்றாயிற்று என்று எல்லோரும் உள்ளங்கை குவித்துத் தட்டினார்கள். பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: “சகியாசிக்கு யோகம்டா, ஆளுக்கு ஒண்ணுன்னா இவனுக்கு ரெண்டு!” கொட்டகையே சிரித்தது. அவன் அழுதுகொண்டிருந்தான்.

ஜூன் 2

சகியாசி வந்தான்.

“அண்ணே, அந்த மாத்திரை மிச்சம் கிடக்குதாமே. எனக்குக் குடுங்க. முதுகெல்லாம் அரிப்பு பிடுங்குது.”

“சாயங்காலம் எவ்வளவு யங்கோனா குடிக்கிற?”

“அதுக்கும் இதுக்கும் என்னண்ணே?”

இழுப்பறை வரை கை போனது. எழுதித்தான் ஆக வேண்டும்: போனது. கேட்டது அவன். கொடுத்தால் அண்ணன் பாசம் என்பார்கள்.

“மருந்துக்கடையில திருப்பிக் குடுத்துட்டேன்,” என்றேன். அப்போது அது பொய். மாலைக்குள் கொண்டுபோய்க் கொடுத்து உண்மையாக்கினேன்.

ஜூன் 23

ஆஸ்பத்திரி. என் ஈரல் பாதி தேறியிருக்கிறது. என்னோடு சகியாசியையும் உள்ளே கூட்டிப்போனேன்.

“யங்கோனா உண்டா?” ஷரீன் இந்த முறை பேரைச் சொல்லியே கேட்டாள்.

“எப்பவாச்சும் விசேஷத்துக்கு—”

“தினமும்,” என்றேன். “வயிறு முட்ட.”

திரும்பி என்னை முறைத்தான். “கமிட்டில நான் போட்டுக்குடுத்ததுக்கு இது பதிலா அண்ணே?”

“ஆமா.”

முதலில் ரத்தம் பார்க்க வேண்டும். மாத்திரை சாப்பிடும் காலம் முழுக்க யங்கோனா கிடையாது. சம்மதமென்றால் வாருங்கள், அதுவரை களிம்பு என்று சொல்லி அனுப்பினாள். வழியெல்லாம் புலம்பினான். கொட்டகைக்குப் போகாமல் சாயங்காலம் மனுஷன் எங்கே போவது? என் வீட்டுக்கு வா என்று நான் சொல்லவில்லை. வருவான் என்று தோன்றுகிறது.

பஸ் வர நேரமானது. அவன் மனைவி லோசலினி இருவருக்குமாகக் கட்டிக்கொடுத்த பொட்டலத்தைப் பிரித்தான். மரவள்ளி, தேங்காய்ப்பாலில் வெந்த கீரை. ஒரு கை எடுத்து வாயில் வைத்தேன்.

உப்பு அதிகம். அவள் கை எப்போதும் அப்படித்தான்.