கொட்டாவி முனியசாமி அவர்களுக்கு, கொட்டாவி சம்யுக்தா எழுதுவது

அல் குசைஸ், துபாய்
டிசம்பர் 20, வெள்ளிக்கிழமை

மரியாதைக்குரிய முனியசாமி சித்தப்பாவுக்கு,

நலமாக இருக்கிறீர்களா என்று கேட்டுத்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும். உங்கள் நலத்தைக் கெடுத்ததே நான் என்பதால் அந்த வரியைத் தாண்டிப் போகிறேன். மீதியைப் படிக்காவிட்டாலும் இதை மட்டும் படித்துவிடுங்கள்: உங்களைப் போலீஸ் தேடவில்லை. டிசம்பர் மூன்றாம் தேதி உங்கள் போனுக்கு வந்த குரல் எந்த ஆபீசிலிருந்தும் வரவில்லை. அது என் குரல். எனக்குப் பதினாறு வயது. பதினோராம் வகுப்பு படிக்கிறேன்.

என் அப்பா பெயர் கல்யாணசுந்தரம். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் அவருக்கும் எனக்கும் ‘கொட்டாவி’ என்று இருக்கிறது, உங்களுக்கு இருப்பது போலவே. விளாத்திகுளம் பக்கம் அது நம் வீட்டுப் பட்டப்பெயராம். எந்தக் காலத்திலோ ஒரு வாத்தியார் பள்ளிக்கூடப் பதிவில் எழுதிவைக்க, அது அப்படியே விமானம் ஏறி இங்கே வந்துவிட்டது. வகுப்பில் டீச்சர் என் முழுப்பெயரைக் கூப்பிட்டால் தமிழ்ப் பசங்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் வாயைப் பிளப்பார்கள். பதிலுக்கு அடிக்க ஒரு வரலாறாவது கையில் வேண்டும் என்று இந்தப் பெயரைத் தோண்ட ஆரம்பித்தேன். அப்பா வேண்டாம் என்றார். “பேருக்குப் பின்னாடி போகாத, படிக்கிற வேலயப் பாரு” என்று இரண்டு தடவை சொன்னார். அவருடைய விசிட்டிங் கார்டில் கே. சுந்தரம் என்று மட்டும்தான் இருக்கும். நான் அவர் பேச்சைக் கேட்கவில்லை.

பேஸ்புக்கிலும் பழைய கல்யாணப் பத்திரிகைகளிலும் தேடி நாற்பத்து மூன்று கொட்டாவிகளைப் பிடித்தேன். எல்லோரையும் ஒரு வாட்ஸ்அப் குழுவில் போட்டு ‘அனைத்துலகக் கொட்டாவிப் பேரவை’ என்று பெயர் வைத்தேன். வட்ட முத்திரைகூடச் செய்தேன். பேர் மட்டுமே இருந்த அவை அது. பொதுச்செயலாளர் நான். வயதை யாருக்கும் சொல்லவில்லை. பெயர் எப்படி வந்தது என்று ஆளுக்கொரு கதை வந்தது. கண்மாய் மடையை ஏழு நாள் தூங்காமல் காவல் காத்தவர் எட்டாம் நாள் ஊர்க்கூட்டத்தில் விட்ட கொட்டாவி என்றார் ஒருவர். வரி கேட்டு வந்த துரையின் முகத்துக்கு நேரே விட்டது என்றார் இன்னொருவர். பூவாயி சித்தி மட்டும், “என்னத்த பெரிய கதை, ஒங்க வம்சமே சோம்பேறிக” என்று முடித்துவிட்டார். அவர் உங்கள் மனைவி என்று வம்ச வரைபடத்தில் குறித்துக்கொண்டேன். உங்கள் தாத்தாவின் தாத்தாவும் என் தாத்தாவின் தாத்தாவும் கூடப்பிறந்தவர்கள். முறையில் ஒரு தலைமுறை உதைக்கிறது. ஆனாலும் உங்களுக்கு முப்பத்தெட்டு வயது என்பதால் சித்தப்பா என்றே கூப்பிடுகிறேன்.

இனிமேல்தான் எழுதக் கை வரவில்லை.

இங்கே பள்ளியில் அரபி கட்டாயம். எனக்கு அது நன்றாக வரும். குரலைக் கனமாக்கி, கொஞ்சம் அரபி கொஞ்சம் இந்தி கலந்து ஒரு வாய்ஸ் மெசேஜ் பேசினேன். “கொட்டாவி இன்னார், உங்கள் ஃபைல் எங்கள் மேஜையில் இருக்கிறது. இருக்கிற இடத்தைவிட்டு அசையக் கூடாது.” கடைசியில், “பொது இடத்தில் வாயைத் திறந்ததற்காக உங்களுக்கு மூன்று கப் டீ அபராதம்” என்று சொல்லிச் சிரிப்பேன். பேரை மட்டும் மாற்றி மாற்றி ஆறு பேருக்கு அனுப்பினேன். சவுதி அல் கோபாரில் இஞ்சினியராக இருக்கும் மணிமாறன் பெரியப்பா விழுந்து விழுந்து சிரித்தார். அவர்தான் உங்கள் நம்பரைக் கொடுத்து, நம்ம பய ஒருத்தன் துபாய் சோனாப்பூர் லேபர் கேம்பில் இருக்கான், அவனையும் விடாதே என்றார். உங்களுக்கு விசா இல்லை என்பது அவருக்கும் தெரியாது.

ஆறாவதாக அனுப்பியது உங்களுக்கு. கொட்டாவியில் பாதி ஆவி. நீங்கள் அந்தப் பாதியை எடுத்துக்கொண்டு ஆவியாகிவிட்டீர்கள். மன்னியுங்கள். பயத்தில்தான் எனக்கு இப்படி வார்த்தை விளையாட்டு அதிகம் வரும்.

ஒரு வாரம் கழித்து பூவாயி சித்தி குழுவில் எழுதினார். வெள்ளிக்கிழமை தவறாமல் வரும் போன் வரவில்லை, நம்பர் செத்துக் கிடக்கிறது என்று. “பேரவைன்னு சீலெல்லாம் வச்சிருக்கீக. எங்க வீட்டுக்காரரக் கண்டுபிடிச்சுக் குடுங்கய்யா.” என்னை ‘அய்யா’ என்று கூப்பிட்டார். அன்றைக்கு என்னால் சாப்பிட முடியவில்லை.

சித்தி கொடுத்த அடையாளத்தை வைத்து உங்கள் ரூமில் இருந்த அருள்ராஜ் அண்ணனைப் பிடித்தேன். எங்கள் வீட்டிலிருந்து உங்கள் ரூம் பத்து நிமிடம்கூட இல்லை. நீங்கள் பாதி கேட்டதுமே போனைக் கட்டிலுக்கடியில் வீசிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டதாகச் சொன்னார். டீ அபராதம் வரைக்கும் நீங்கள் கேட்கவே இல்லை. அதற்கு முந்தின நாள்தான், விசா இல்லாதவர்களுக்கு அரசு அறிவித்த பொதுமன்னிப்புக்குப் போவதற்காக, வெள்ளைச் சட்டை இரவல் வாங்கிப் போட்டோ எடுத்து வந்தீர்களாம். எட்டு போட்டோவும் தலையணைக்கு அடியிலேயே இருக்கிறதாம்.

நீங்கள் எங்கே என்று கேட்டதற்கு அவர், “எந்த மஸ்ரான்னு கேக்காத பாப்பா. லெட்டர் வேணா குடு, தண்ணி வண்டி கொண்டு போறப்ப சேத்துடறேன். போலீசு பின்னால வந்துச்சுன்னா என் பொழப்பும் கலாஸ்” என்றார். ஏதோ ஒரு பண்ணையில் இருக்கிறீர்கள் என்ற அளவுக்குத்தான் எனக்குத் தெரியும்.

பொதுமன்னிப்பு டிசம்பர் 31 வரைதான். அதற்குள் போனால் அபராதமும் இல்லை, சிறையும் இல்லை. ஊருக்குப் போய்விடலாம். மூன்று மாதக் குழந்தையாக விட்டுவந்த உங்கள் பையனுக்கு இப்போது ஆறு வயது. அவீரில் இருக்கும் பொதுமன்னிப்பு மையத்துக்குப் போங்கள் சித்தப்பா. அங்கே உங்கள் பேரில் எந்த ஃபைலும் காத்திருக்கவில்லை. இருந்த ஒரே ஃபைல் என் வாயில்தான் இருந்தது.

இப்படிக்கு,
தவறு செய்த
சம்யுக்தா


அல் குசைஸ்
டிசம்பர் 26, வியாழக்கிழமை

சித்தப்பாவுக்கு,

என் கடிதத்தின் பின்பக்கத்திலேயே நீங்கள் எழுதி அனுப்பிய வரிகள் வந்து சேர்ந்தன. “போலீசுக்காரம்மா, அடுத்த வேசம் என்ன? ஒங்கப்பன் கல்யாணசுந்தரத்துகிட்டக் கேளு, ரெண்டு வருசம் முன்ன ஒங்க பில்டிங் பார்க்கிங்ல நின்னது யாருன்னு. அப்ப இல்லாத சித்தப்பா இப்ப எங்கருந்து வந்தான்?” நீங்கள் இதை எழுதும்போது சிரித்தீர்களா என்று அருள்ராஜ் அண்ணனைக் கேட்டேன். “படிச்சுட்டுப் பேனா கேட்டான், அவ்வளவுதான்” என்றார்.

நேற்று சாயங்காலம் அப்பாவோடு கராமாவுக்குக் காய்கறி வாங்கப் போனேன். என் வாய்ஸ் மெசேஜில் ஆரம்பித்து எல்லாவற்றையும் காரில் வைத்தே சொல்லிவிட்டு, கடைசியில் உங்கள் வரிகளைச் சத்தமாகப் படித்தேன். சிக்னல் பச்சைக்கு மாறியது. அப்பா வண்டியை எடுக்கவில்லை. பின்னால் எல்லோரும் ஹாரன் அடித்தார்கள். எங்கேயும் அரை நிமிடம் தாமதிக்காத மனிதர், அடுத்த சிவப்பு விழும்வரை ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

பிறகு ஓரமாக நிறுத்திச் சொன்னார். உங்கள் கம்பெனியை மூடிய பிறகு நீங்கள் வந்தது. விசா கொடுத்த முதலாளி, அந்தக் கஃபீல், பாஸ்போர்ட்டைத் தர மாட்டேன் என்கிறான், நீங்க படிச்சவுக, ஒரு வார்த்தை பேசுங்கண்ணே என்று கேட்டது. வாட்ச்மேன் பார்த்துக்கொண்டிருந்ததால், “ஆள் மாறி வந்துட்டீங்க” என்று சொல்லிவிட்டு அவர் லிஃப்டில் ஏறியது. விசா இல்லாத ஆளோடு சம்பந்தம் என்று தெரிந்தால் வேலை போய்விடும், நானும் தம்பியும் பள்ளிக்கூடம் போகிறோம் என்று காரணங்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தவர் நடுவில் நிறுத்திவிட்டார். “அவன் எங்கப்பா ஜாடைல இருந்தாம்மா” என்றார். காய்கறி வாங்காமலே வண்டியை வீட்டுக்குத் திருப்பினார்.

அவர் சொன்ன பொய்க்குப் பின்னால் பயமாவது இருந்தது. என் பொய்க்குப் பின்னால் ஒன்றுமே இல்லை. அன்றைக்கு எனக்குப் போரடித்தது.

இந்த வீட்டில் அப்பாவும் மகளும் ஆளுக்கொரு தடவை உங்களை ஏமாற்றியிருக்கிறோம். மூன்றாவதாக ஒன்றைச் சொன்னால் எதற்காக நம்புவீர்கள்? சத்தியம் செய்தால் நம்ப மாட்டீர்கள், நானே நம்ப மாட்டேன். அதனால் கையில் பிடித்துக்கொள்ள ஒன்றை அனுப்புகிறேன். இந்தக் கடிதத்தோடு இன்னொரு காகிதம் இருக்கிறது. அரபியிலும் ஆங்கிலத்திலும் எழுதியிருக்கிறேன். இன்ன தேதியில் அரசு அதிகாரி போலப் பேசி ஒருவரை மிரட்டினேன் என்ற வாக்குமூலம். என் எமிரேட்ஸ் ஐடி நகல் பின் அடித்திருக்கிறது. இந்த ஊரில் இது சின்ன விஷயமில்லை என்பது உங்களுக்கும் தெரியும். அப்பா விசாவில்தான் நாங்கள் எல்லோரும் இருக்கிறோம். அம்மா அதைப் படித்துவிட்டுக் கிழித்துப் போடச் சொல்லி அழுதார். அப்பா வாங்கிப் படித்தார். ‘இது உண்மை, நான் இவளுடைய தகப்பன்’ என்று கீழே எழுதிக் கையெழுத்துப் போட்டார். மையத்தில் யாராவது உங்கள் கையைப் பிடித்தால், அந்தக் காகிதத்தை அவர்களிடமே கொடுத்துவிடுங்கள்.

அப்பா இன்று காலையிலேயே மையத்துக்குப் போய் விசாரித்து வந்தார். பாஸ்போர்ட் கையில் இல்லாதவர்களுக்கு ஊர் திரும்புவதற்கான அவுட்பாஸ் எழுத நம் தூதரக ஆட்களே அங்கே மேஜை போட்டிருக்கிறார்கள். கைரேகை வைக்க நீங்கள் நேரில் வர வேண்டும், அது ஒன்றுதான் மீதி. கூட்டம் அதிகம், கடைசி நாளை நம்ப வேண்டாம் என்றார்களாம். திங்கட்கிழமைக்கு அப்பா லீவு போட்டுவிட்டார். காலை ஆறரையிலிருந்து வாசலுக்கு எதிரே, காருக்கு வெளியே, எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி நிற்பார். நீல நிறச் சட்டை. பக்கத்தில் கண்ணாடி போட்டுக்கொண்டு, வாயை மூடிக்கொண்டு நிற்பது நான்.

பூவாயி சித்தியிடம் நேற்றே உண்மையைச் சொல்லிவிட்டேன். “அவரு மொதல்ல வந்து எறங்கட்டும், ஒனக்கு இருக்குடி” என்றார். ‘டி’ போட்டுப் பேசியதில் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. உங்களிடம் ஒன்று சொல்லச் சொன்னார். பையன் அப்பா எங்கே என்று கேட்கிறானாம். “அப்பாவக் கூட்டிட்டு வாரவரு வழியில நிக்காருன்னு சொல்லியிருக்கேன், என்னையப் பொய்க்காரி ஆக்கிறாதீக” என்றார். அவர் பேசியதை ஒரு எழுத்தும் மாற்றாமல் எழுதியிருக்கிறேன்.

அருள்ராஜ் அண்ணனின் வண்டி இன்று மதியம் கிளம்புகிறது. ஞாயிற்றுக்கிழமை திரும்பும்போது முன்சீட்டைக் காலியாக வைத்திருக்கிறேன் என்றார். நீங்கள் ஏறினீர்களா இல்லையா என்று எனக்குப் போன் செய்ய மாட்டாராம். நானும் கேட்கப்போவதில்லை.

திங்கட்கிழமை நீங்கள் வராவிட்டால் செவ்வாய்க்கிழமையும் நிற்போம். புதன்கிழமை நின்று பயனில்லை.

என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டுங்கள், சித்தப்பா. அப்பாவையும் சேர்த்துத் திட்டுங்கள். கடிதத்தின் பின்பக்கத்தில் மட்டும் எழுதி அனுப்பாதீர்கள். எங்கள் எதிரில் வந்து நின்று திட்டுங்கள்.

உங்கள் வரவை எதிர்பார்த்து நிற்கும்,
கல்யாணசுந்தரம் மகள் சம்யுக்தா