தபால் போடப் போன சனிக்கிழமை

ஊட்டி ஹாஸ்டல்,
ஞாயிறு காலை

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் முழங்கால் வலி தேவலையா? சேரங்கோட்டில் மழை விட்டதா? அம்மாவுக்குச் சளி குறைந்ததா? போனில் பேசினால் குரலை வைத்தே கண்டுபிடித்துவிடுவீர்கள் என்றுதான் எழுதுகிறேன். பயப்பட ஒன்றுமில்லை.

கொஞ்ச நாளாக எனக்குத் தூக்கம் வருவதில்லை. புத்தகத்தைத் திறந்தால் எழுத்தெல்லாம் பனிமூட்டத்துக்குள் போய்விடுகிறது. அரசு ஆஸ்பத்திரியில் எங்கள் வயதுப் பிள்ளைகள் மனம்விட்டுப் பேச ஓர் அறை இருப்பதாகப் பள்ளிச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். நேற்று, தபால் போடப் போவதாக அறைத்தோழி லிஜியிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். அந்த அறைக்கு வழி கேட்கக் கூச்சம். பல் டாக்டர் எங்கே என்று கேட்டுப் போய், அங்கிருந்து ஒவ்வொரு கதவாகப் படித்துக்கொண்டே நடந்தேன். வராந்தாவெல்லாம் மேகம் புகுந்து, கால் தரையில் படுவதே தெரியவில்லை. கடைசிக் கதவருகே ஒரு பெஞ்சு. அதில், சர்ச்சுக்குப் பாட்டுப் பழகப் போவதாகச் சொன்ன லிஜி!

"ஏய், நீ தபாலாபீசுக்குப் போறேன்னுதானே சொன்னே?" என்றாள். நாங்கள் சிரித்த சிரிப்பில், அந்த அறையில் பிள்ளைகளிடம் பேசும் கவுன்சிலர் அக்கா எட்டிப் பார்த்தார்.

"யாருங்க கண்ணு மொதல்ல வர்றீங்க?"

நேற்று நன்றாகத் தூங்கினேன் அப்பா.

கம்பளிச் சாக்ஸ் ஒரு ஜோடியும் நம் பேக்டரி டீத்தூள் கொஞ்சமும் வேண்டும். பார்சலில் அனுப்ப வேண்டாம். அடுத்த முறை வீட்டிலிருந்து யாராவது வந்தால் நல்லது என்கிறார் அக்கா. வரும் சனிக்கிழமை லீவு கிடைக்குமா? கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, லிஜி இருக்கிறாள். சாப்பாட்டு மணி அடித்துவிட்டது.

உங்கள் மகள்,
சௌமியா

பி.கு.: அந்தப் பெஞ்சில் மூன்று பேர் உட்காரலாம்.