துறுதுறு

செவ்வாய், இரவு.

கராடியில் இருக்கும் என் ஐ.டி. ஆபீசில் இன்று ஒரு வாரம் லீவு சொல்லிவிட்டேன். கோயம்புத்தூரிலிருந்து வந்திருக்கும் அம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"காய்ச்சலும் இல்ல, ஒண்ணும் இல்ல. எதுக்கு கண்ணு லீவு? சோம்பேறித்தனந்தான்."

எனக்கு ஏடிஹெச்டி, கவனம் ஓரிடத்தில் நிற்காத குறைபாடு, என்று டாக்டர் சொன்னது அவளுக்குத் தெரியும். சின்ன வயதில் இதையேதான் "எம் புள்ள துறுதுறுன்னு இருப்பா" என்று எல்லோரிடமும் பெருமையடித்தாள். அந்தத் துறுதுறுப்பை அடக்கிக்கொண்டு மீட்டிங் மீட்டிங்காக அசையாமல் உட்கார்ந்து, எதையும் மறக்காதவள்போல் நடித்து நடித்தே ஓய்ந்துபோனேன். இது சோம்பேறித்தனம் என்றால், உழைப்பு எது?

சாயங்காலம் அடுப்பில் பால் வைத்ததை வழக்கம்போல் மறந்தேன்.

"பால் பொங்குது பாரு" என்றாள் அம்மா.

எழுந்திருக்கவில்லை. "பொங்கட்டும்மா. நான் லீவு."

அவளே போய் அடுப்பை அணைத்தாள்.