சாமிக்குக் கொண்டுபோன தண்ணீர்

30.9.93, வியாழன்

காலையிலிருந்து மூட்டம். மழை இல்லை. வங்கித் தேர்வுக்குப் படிக்க உட்கார்ந்தால், அப்பா வழக்கம்போல் ரேடியோவைப் பாத்ரூம் ஜன்னலில் வைத்து அலறவிட்டார். ஒரு வருடத்துக்கும் மேலாக இதே கூத்து. பல் தேய்க்க எதற்குச் செய்தி? கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

சனிக்கிழமை மலைக்குப் போவது முடிவாகிவிட்டது. புரட்டாசி மூன்றாம் சனி, காந்தி ஜெயந்தி, அப்பாவின் பஞ்சு மில்லும் லீவு. நான் டிகிரி பாஸானால் குடும்பத்தோடு, பச்சைத் தண்ணி பல்லில் படாமல் ஏறி வருவதாகப் பெருமாளுக்கு அப்பாவின் வேண்டுதல். எங்கள் சொந்தத்தில் முதல் டிகிரி. ஷிப்ட் முழுக்கச் சொல்லியிருக்கிறார். எனக்குத்தான் கூச்சம்.

1.10.93, வெள்ளி

நல்ல வெயில். வாங்கியவை: துளசி, கற்பூரம், பழம், மஞ்சள் துணி. பித்தளைச் சொம்பைப் புளி போட்டுத் தேய்த்தேன். அடிவாரக் கிணற்றில் நிரப்பி, வாயைத் துணியால் கட்டி, மேலே கொண்டுபோய்ச் சாமிக்கு ஊற்ற வேண்டும். வழியில் கீழே வைக்கக் கூடாது.

அப்பா: "முன்னால ஒன்றரை மணி நேரத்துல ஏறிப்போட்டேன்."

அம்மா: "அப்ப உங்களுக்குக் கல்யாணமே ஆகலீங்க. இப்ப முட்டி உங்க பேச்சக் கேக்குமாங்க?"

தங்கை மஞ்சு, பிளஸ் டூ: "நீ பாஸானதுக்கு நான் எதுக்குக்கா பட்டினி? நான் பெயிலானா எல்லாருக்கும் விருந்தா?"

3.10.93, ஞாயிறு

நேற்று எழுத முடியவில்லை. நடந்ததை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

ஐந்து மணி பஸ். ஏழுக்கு அடிவாரம். செருப்பெல்லாம் பூக்காரம்மாவிடம். சொம்பு என் கையில். கொஞ்ச தூரம் படிக்கட்டு, அப்புறம் வெறும் பாறையும் சரளையும். பத்து மணிக்கே பாறை சுட்டது. மஞ்சுவின் காலில் கொப்புளம். அம்மா கையை ஊன்றி ஏறினாள். இறங்கி வருகிறவர்களெல்லாம் ஒரே பொய். "இன்னொரு வளைவுதானுங்க." நாலு வளைவு தாண்டியும் அதே.

அப்பா பின்னாலிருந்து "நீங்க போங்க, வாரேன்" என்றார். இரண்டு தடவை. மூன்றாம் தடவை சத்தம் வரவில்லை. திரும்பினால் ஒரு பாறையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வாய் திறந்தபடி. நெஞ்சிலிருந்து விசில் மாதிரி ஒரு சத்தம். உதடு நீலம் பூத்திருந்தது. அப்படி ஒரு நிறத்தை மனித முகத்தில் நான் பார்த்ததில்லை.

"ஏனுங்க, ஏனுங்க" என்று அம்மா அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

சட்டைப் பொத்தானைக் கழற்றினேன். பையில் ஒரு மாத்திரை அட்டை, பாதி காலி. கூடவே நாலாய் மடித்த இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிச் சீட்டு. ஆங்கிலத்தில். தேதி போன வருடம் ஏப்ரல். பஞ்சுத் தூசியால் நுரையீரல் கெட்டிருக்கிறது, பஞ்சு சிக்கெடுக்கும் கார்டிங்கில் வேலை பார்க்கக் கூடாது, மாத்திரை தினம் மூன்று வேளை. வீட்டில் ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்தி. என்னிடமே காட்டவில்லை.

காலை மாத்திரையைப் போடவில்லை. விரதம். தண்ணி பல்லில் படக் கூடாதே.

அட்டையிலிருந்து ஒன்றைப் பிரித்து நீட்டினேன். தலையை ஆட்டி மறுத்தார். கையால் மலையைக் காட்டினார். பேச மூச்சில்லை.

நாலு பேரிடமும் வேறு தண்ணீர் இல்லை. நான் சொம்பின் துணியை அவிழ்த்தேன்.

"அது சாமி தண்ணி, அம்மணி," என்றாள் அம்மா.

அண்ணாந்து ஊற்றி நான் முதலில் குடித்தேன். மூன்று மடக்கு. தொண்டை சில்லென்றது. மஞ்சு வாயைப் பொத்திக்கொண்டாள். "எனக்காகத்தான வேண்டுதல்? நானே முறிச்சுப்போட்டேன். இனி நீங்க குடிங்கப்பா." என் குரலா அது? இன்னும் நம்ப முடியவில்லை.

என்னையே பார்த்தார். பிறகு வாயைத் திறந்தார்.

அரை மணி நேரம் கழித்து விசில் குறைந்தது. இறங்கி வந்த இரண்டு பேர் கைகளைக் கோத்து நாற்காலி மாதிரி பிடித்துத் தூக்கி வந்தார்கள். கிணற்றடியில் அப்பா பேசிய முதல் பேச்சு: "ஆரம்பத்துலயே குடிச்சிருந்தா உனக்குச் சொம்பு கனம் கொறஞ்சிருக்கும், கண்ணு."

அம்மா இன்னும் என்னோடு பேசவில்லை.

4.10.93, திங்கள்

வெயில். இ.எஸ்.ஐ., டோக்கன் 41. எக்ஸ்ரே. டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஒன்றரை வருசமா சொல்றேன். உங்க வீட்ல படிச்சவங்க யாருமே இல்லையா?"

அப்பா என்னைக் காட்டினார். "பி.காம்ங்க," என்றார். அப்போதும் பெருமையாக.

எனக்குத் தலை நிமிரவில்லை.

பஸ்ஸில் ஏன் மறைத்தீர்கள் என்று கேட்டேன். "உன்ற பரீட்சை முடியட்டும்னு இருந்தேன். அப்பறம் வேண்டுதல் முடியட்டும்னு." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வீட்டில் அம்மா சொம்பைத் தேய்த்து, மறுபடி நிரப்பி, சாமி படத்துக்கு முன்னால் வைத்தாள். "மன்னிச்சுக்க," என்றாள். என்னிடமா, சாமியிடமா, தெரியவில்லை. சாப்பிடக் கூப்பிட்டாள்.

வேறு டிபார்ட்மென்ட் கேட்டு மில்லுக்கு விண்ணப்பம். நாலு தடவை கிழித்து எழுதினேன். நாளை நானும் கூடப் போகிறேன். மேனேஜரிடம் நானே பேச வேண்டும்.

5.10.93, செவ்வாய்

தூறல். ஆறு மணி. புத்தகம் மடியில். ஜன்னலில் ரேடியோ இல்லை.

பாத்ரூமிலிருந்து அப்பாவின் இருமல் கேட்டது. நிற்கவே இல்லை. இத்தனை நாள் தினமும் இதுதானா? அம்மா தோசையைத் திருப்பாமல் நின்றாள். கருகியது.

வெளியே வந்து துண்டால் வாயைத் துடைத்தார். "படிக்கத் தொந்தரவா இருக்குதா, கண்ணு? ரேடியோ போட்டுக்கட்டுமா?"

"வேண்டாங்கப்பா."