தொட்டியின் நிழல்

அன்புள்ள அப்பாவுக்கு,

இதை யாரிடமும் காட்டாதீர்கள். அங்கே உங்களோடு தங்கியிருக்கும் நம் ஊர்க்காரர்களிடம்கூட வேண்டாம். ஒருவர் காதில் விழுந்தால் போதும், பெரியப்பாவுக்கு வந்து சேர்ந்துவிடும். போனில் சொல்லலாம் என்றால், நீங்கள் பேசும்போதெல்லாம் ஸ்பீக்கரைப் போட்டுக்கொண்டு அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுகிறார்.

நானும் அம்மாவும் நலம். தங்கச்சிக்குத்தான் மூச்சுத்திணறல் அடிக்கடி வருகிறது. போன வாரம் கரண்ட் இல்லாதபோது ஆவி மருந்து மெஷினைப் போட்டோம். பாதியில் சோலார் பேட்டரி தீர்ந்துவிட்டது. கரண்ட் வரும்வரை அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தோம். உதடெல்லாம் நீலமாகிவிட்டது, அப்பா.

நீங்கள் ஓட்டுக்குப் பதிலாகக் கூரையில் பதித்த சோலார் பலகைகள் செத்துவிட்டன என்கிறார் பெரியப்பா. "உங்கப்பன் கண்ணாடியை வெயில்ல காயப்போட்டிருக்கான். இன்னும் காயல போல! கழட்டி வித்துட்டுத் தகரம் போட்டுடுவோம்" என்று சிரிக்கிறார். இருபதாம் தேதி கழட்ட ஆள் வருகிறான்.

பலகைகள் நன்றாகத்தான் இருக்கின்றன. பெரியப்பா வீட்டை ஒட்டி உயரமாக நிறுத்தியிருக்கும் தண்ணீர்த் தொட்டிதான் காரணம். பதினொரு மணிக்கு அதன் நிழல் ஓரத்துப் பலகையில் விழுகிறது. ஒன்றில்தானே என்று நானும் நினைத்தேன். எல்லாம் ஒரே வரிசையில் இணைத்தவை என்பதால், ஒன்று மங்கினால் மற்றவையும் மங்கிவிடுகின்றன. விடுமுறையில் ஒன்பது நாள் மீட்டரைப் பார்த்தேன். நிழலுக்கு முன் ஆயிரத்து நானூறு வாட். விழுந்த பத்தே நிமிடத்தில் ஐந்நூறு. மேகம் துளியும் இல்லை. அதனால்தான் பேட்டரி நிரம்புவதில்லை.

அம்மாவிடம் சொன்னேன். "அவர் ஆசையா வச்ச தொட்டிடி. வர்றவங்ககிட்ட எல்லாம் 'தட்டிப் பாருங்க, அசையுதான்னு' காட்டிட்டுத் திரியறாரு. அதைப் போய்க் குறை சொன்னா வீடு ரெண்டாயிடும். வாயைத் திறக்காதே" என்றார்.

அவர் வீட்டின் மறுபக்கத்தில் தொட்டியை வைத்தால் போதும். பெரியப்பா மனம் கோணாமல் பேச உங்களுக்குத்தான் தெரியும். இருபதாம் தேதிக்குள் பேசிவிடுங்கள். முடியாவிட்டால், ஆள் வரும்போது ஏணியில் ஏறி உட்கார்ந்துகொள்வேன். இறங்க மாட்டேன். பெரியப்பா அடித்தால் தாங்கிக்கொள்வேன், அப்பா. தங்கச்சியை இன்னொரு முறை அப்படிப் பார்க்க என்னால்

கதவைத் தட்டுகிறார். பெரியப்பாதான். இந்நேரத்தில் என்ன விளக்கு என்று கேட்கிறார்.

இதை ஒளித்து வைக்கப் போவதில்லை. தொட்டி விஷயத்தை நானே அவரிடம் சொல்லிவிடுகிறேன். அப்பா, நீங்களும் போனில் அவரிடம் ஒரு வார்த்தை